ஈரி ஏரியில் முதல் தடவை படகில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு

ஏரி என்றதும் ஊரில் பார்த்த இரணைமடுக் குளம் மாதிரி ஒன்றை நினைத்துக்கொண்டுதான் நானும் முதல் தடவை போர்ட் டோவர் துறையில் படகை இறக்கினேன். ஈரி ஏரியின் நீளம் கிட்டத்தட்ட 388 கிலோமீட்டர். அகலமான இடத்தில் 90 கிலோமீட்டருக்கு மேல். கரையில் நின்று பார்த்தால் மறுகரை தெரியாது. டொரொண்டோவில் இருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரக் கார் ஓட்டம் என்பதால் பெர்ச், வால்ஐ மீன்கள் பிடிக்க நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது அங்கே போகிறார்கள். 16 அடி அலுமினியப் படகும் ஒரு சின்ன எஞ்சினும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. காகிதங்கள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எஞ்சின் பூட்டிய படகை ஓட்ட, படகோட்டி அட்டை வேண்டும். ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும். எஞ்சின் 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ என்றால் படகுக்கும் பதிவு எண் எடுக்க வேண்டும். மீன்பிடி உரிமம் தனி. படகில் பியர் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் கார் ஓட்டும் உரிமமும் போகும். 'தண்ணியிலதானே' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2. காற்றைப் பாருங்கள், அதிலும் திசையை

புதிதாக வருகிறவர்கள் மழை வருமா என்று பார்க்கிறார்கள். மழையில் நனையலாம், காற்றோடு விளையாட முடியாது. கனடா சுற்றாடல் துறை ஏரிக்கென்று தனியாகக் கடல்சார் வானிலை அறிவிப்பு வெளியிடுகிறது. நகரத்து வானிலையை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். காற்றின் வேகத்தை நொட்டில் சொல்வார்கள். ஒரு நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 20 நொட்டைத் தொட்டால் பலத்த காற்று எச்சரிக்கை வரும். 16 அடிப் படகுக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 12 நொட்டுக்கு மேல் என்றால் நான் வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது. சராசரி 19 மீட்டர், ஆழமான இடத்தில் 64 மீட்டர். ஆழம் குறைவென்றால் ஆபத்தும் குறைவு என்று தோன்றும், ஆனால் நடப்பது நேர்மாறு. ஆழமில்லாத தண்ணீரில் அலை நீண்டு உருளாமல் நெருங்கி நெருங்கிச் செங்குத்தாக எழும்பும். ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது முகத்துக்கு நேரே நிற்கும். கடலில் படகோட்டிப் பழகியவர்களையும் தடுமாற வைப்பது இந்த இடைவெளியில்லாத அலைதான்.

இனித் திசை. இந்த ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. தென்மேற்குக் காற்று, ஊர்க் கணக்கில் சோழகம், ஏரியின் முழு நீளத்தையும் ஓடி வரும். ஓடுகிற தூரம் கூடக்கூட அலையும் வளரும். ஆனாலும் அது நேர்மையான காற்று. கரையில் நிற்கும்போதே அலையைக் காட்டிவிடும், நீங்களும் திரும்பிப் போய்விடுவீர்கள்.

நம்மை ஏமாற்றுவது வாடை. ஒன்றாரியோ கரை ஏரிக்கு வடக்கே இருக்கிறது. வடக்கிலிருந்து காற்று அடித்தால் கரையோரத் தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும். மரங்களும் மேட்டு நிலமும் மறைத்துக்கொள்ளும். மூன்றாவது தடவை போனபோது நான் இதில்தான் மாட்டினேன். காற்று முதுகில் இருந்ததால் எட்டுக் கிலோமீட்டர் போனதே தெரியவில்லை. பெர்ச்சும் நன்றாகக் கடித்தது. பத்து மணிக்குத் திரும்பலாம் என்று படகைக் கரைப்பக்கம் திருப்பிய பிறகுதான் அலையைப் பார்த்தேன். வந்தபோது இருபது நிமிடம், திரும்ப ஒன்றரை மணி நேரம். ஒவ்வோர் அலையிலும் ஒரு வாளித் தண்ணீர் உள்ளே வந்தது. கூட வந்த அண்ணை ஒரு பேச்சுமில்லாமல் இறைத்துக்கொண்டே இருந்தார். கரை ஏறியதும்தான் வாயைத் திறந்தார்: "தம்பி, இனி வாடைக்கு என்னைக் கூப்பிடாதை."

வடகாற்று நாளில் போகத்தான் வேண்டுமென்றால், ஒரு கிலோமீட்டர் போனதும் படகைத் திருப்பிக் கரையை நோக்கி ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

3. படகில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, இறைக்க வாளி, துடுப்பு, நங்கூரம், விசில், டார்ச், தீயணைப்பான். லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தால் போதும் என்றுதான் பொதுவாகச் சட்டம் கேட்கிறது. இருக்கைக்கு அடியில் கிடக்கும் ஜாக்கெட்டைத் தண்ணீருக்குள் விழுந்த பிறகு எடுத்துப் போட முடியாது. ஏறும்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோலை மூன்றாகப் பிரித்து நினையுங்கள். போக ஒன்று, வர ஒன்று, மூன்றாவது பங்கு தொடாமல் இருக்கட்டும். எதிர்காற்றில் திரும்பும்போது எஞ்சின் எவ்வளவு குடிக்கும் என்று மேலே சொன்ன கதையில் எனக்குப் புரிந்தது. கைபேசி சிக்னல் உள்ளே போகப்போகக் கைவிடும். படகுகளில் பேசப் பயன்படும், நீர் புகாத கையடக்க விஎச்எஃப் ரேடியோ ஒன்று வாங்கிவிடுங்கள். நல்ல தூண்டில் கழி ஒன்றின் விலைதான்.

அப்புறம், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்: எங்கே இறக்குகிறேன், எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன், எத்தனை மணி தாண்டினால் 911-ஐ அழைக்க வேண்டும்.

4. இறக்குதளத்தில்

டிரெய்லரைத் தண்ணீருக்குள் விடுவதற்கு முன் படகின் பின்பக்கம் போய்க் குனியுங்கள். கடையாரில், அதாவது படகின் பின்முனையில், அடியோடு ஒட்டி, கட்டைவிரல் நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். தண்ணீர் வடிய வைத்தது. அதன் தக்கையைப் பூட்டியாயிற்றா? பின்னால் பத்து வண்டி காத்து நிற்கிற பதற்றத்தில் இதை மறக்காதவர்கள் குறைவு. நான் மறந்த அன்று கால் நனைந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது தக்கையைக் கார்ச் சாவியோடு கோத்து வைத்திருக்கிறேன்.

5. தண்ணீரில்

எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிற்றை மணிக்கட்டில் மாட்டுங்கள். தனியாகப் போய்த் தடுக்கி விழுந்தால், படகு உங்களை விட்டுவிட்டுப் போகாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

நங்கூரத்தை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், மட்டுமே கட்டுங்கள். கடையாரில் எஞ்சின் பாரம், அங்கே பலகையும் தாழ்வு. அந்தப் பக்கம் கட்டினால் அலைக்கு ஏற்றாற்போல் படகால் எழும்ப முடியாது, தண்ணீர் நேராக உள்ளே ஏறும். கயிறு ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு விட வேண்டும். 8 மீட்டர் ஆழத்துக்கு 40 மீட்டராவது. கயிறு கட்டையாக இருந்தால் நங்கூரத்தை மேலேதான் இழுக்கும், அது மண்ணைக் கவ்வாது.

பெரிய வால்ஐ ஒன்று மேலே வரும்போது மூன்று பேரும் ஒரே பக்கம் பாய்வீர்கள். வலை பிடிக்க ஒருவர் போதும், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருங்கள். படகோரம் எழுந்து நின்று சிறுநீர் கழிப்பதும் வேண்டாம். சிரிப்பாக இருக்கும், ஆனால் ஆண்கள் விழுவது இப்படியும்தான். பழைய வாளி ஒன்று கொண்டுபோங்கள்.

இடி கேட்டதும் தூண்டிலைச் சுற்றிவிட்டுக் கரைக்கு வாருங்கள். கழி நீளமாக, உயரமாக, பெரும்பாலும் கார்பனில் செய்தது. தட்டையான ஏரியில் மின்னலுக்கு அதைவிட வசதியான இலக்கு கிடையாது.

அலை எழும்பிவிட்டதா? எல்லோரையும் கீழே உட்கார வையுங்கள். வேகத்தைக் குறைத்து, அணியத்தின் ஓரத்தால் அலையைச் சாய்வாக வெட்டிப் போங்கள். படகின் விலாவை அலைக்குக் காட்டக் கூடாது. புறப்பட்ட துறைக்கே திரும்ப வேண்டும் என்றில்லை, கிட்டே இருக்கும் துறைக்குப் போங்கள். காரை எடுக்கப் பிறகு யாராவது கூட்டிப் போவார்கள்.

6. தண்ணீரில் விழுந்துவிட்டால்

மே மாதத்தில் வெயில் 20 டிகிரி அடிக்கும். தண்ணீர் அப்போதும் பனிக்கால நினைப்பிலேயே இருக்கும். குளிர்நீர்ப் பாதுகாப்பில் 1-10-1 என்று சொல்வார்கள். முதல் 1 நிமிடம் மூச்சு தானாகத் திணறும், நீந்தப் பார்க்காமல் முகத்தை மேலே வைத்து மூச்சைச் சீராக்குங்கள். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், படகில் ஏறுவதோ கயிற்றைக் கட்டிக்கொள்வதோ அதற்குள். அதன் பிறகு குளிரால் நினைவு தப்ப 1 மணி நேரம் போல ஆகும், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால்தான் அந்த நேரம் கிடைக்கும். படகு கவிழ்ந்தாலும் விட்டுப் போகாதீர்கள். கரை கிட்டத்தில் போலத் தெரியும். தேடி வருகிறவர்களுக்குத் தலையை விடப் படகுதான் முதலில் கண்ணில் படும்.

ரேடியோ கையில் இருந்தால் 16-ஆம் அலைவரிசையில் உதவி கேட்டு "மேடே" என்று மூன்று முறை சொல்லுங்கள். பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர்.

7. கரை ஏறியதும்

தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடிய விடுங்கள். மீன் வெட்டுவதற்கு முன், ஐஸ் வாங்கப் போவதற்கு முன், வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். ஒருநாள் நான் மறந்துபோய்ப் பெர்ச் சுத்தம் பண்ணிக்கொண்டு நின்றேன். மனைவி 911-ஐ அழைக்க இன்னும் ஏழு நிமிடம்தான் இருந்ததாம்.