கருப்பட்டியும் கணக்கில் சேரும்: மாற்று இனிப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுகர் இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன அடுத்த வாரமே உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மேடம், இயற்கை இனிப்பு நல்லதா, சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் அந்த இனிப்பு மாத்திரை நல்லதா?" சென்னையில் பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். அயனாவரத்திலிருந்து வருகிறவரும் அடையாறிலிருந்து வருகிறவரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். குளிர்பானம் வேண்டாம், காபியில் சர்க்கரையைக் குறையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன். உடம்பில் உண்மையான அக்கறை உள்ளவர்கள் செய்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கருப்பட்டியைச் சர்க்கரைக்கு மாற்று என்று நம்புவது

இந்தப் பட்டியலில் அதிகக் கேடு செய்வது இதுதான். இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவதும் இதைப் பார்த்துத்தான்.

பெரம்பூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 7.1 இருந்தது, அடுத்த பரிசோதனையில் 8.6. காலையில் ஒழுங்காக நடக்கிறார், சோற்றைப் பாதியாக்கிவிட்டார், சுகர் மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. "வெள்ளைச் சக்கரை எங்க வீட்டுக்குள்ளயே வர்றதில்ல மேடம். எல்லாம் கருப்பட்டிதான். ஊர்லேர்ந்து நல்ல சரக்கா வருது" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று கேட்டேன். நான்கு. எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டதற்கு அவர் மனைவிதான் பதில் சொன்னார்: "சக்கரைன்னா ஒரு ஸ்பூன் போதும்மா. கருப்பட்டி அந்த அளவுக்கு இனிக்காதே, ரெண்டு ஸ்பூன் போட்டாத்தான் இவருக்குப் பிடிக்குது."

ஒரு காபிக்கு 10 கிராம் என்று வைத்தால்கூட நான்கு காபிக்கு 40 கிராம். மாவுச்சத்துக் கணக்கில் அது ஏறக்குறைய நான்கு இட்லிக்குச் சமம். இட்லியைக் குறைத்த மனிதர், குறைத்ததையெல்லாம் டம்ளரில் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை போட்ட காலத்தைவிட இப்போது அதிகம்.

பதநீர் இறக்குகிறவர்கள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். அப்படிக் காப்பாற்றப்படும் பதநீரைக் காய்ச்சித்தான் கருப்பட்டி செய்கிறார்கள், அதன் இனிப்பில் பெரும்பகுதி சுக்ரோஸ். கரும்பாலையிலிருந்து வரும் வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதே சுக்ரோஸ்தான். மரம் வேறு, மூலக்கூறு ஒன்று. குடலுக்குள் போனதும் இரண்டும் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும்தான் உடைகின்றன. 100 கிராம் சர்க்கரையில் ஏறக்குறைய 400 கலோரி என்றால், வெல்லத்திலும் கருப்பட்டியிலும் 350-க்கு மேல். ஈரப்பதமும் கொஞ்சம் தாது உப்புகளும் சேர்ந்திருப்பதுதான் அந்த வித்தியாசம். நாட்டுச் சர்க்கரைக்கும் பனங்கற்கண்டுக்கும் இதே கணக்குதான்.

உடனே வரும் அடுத்த கேள்வி, "அதுல இரும்புச்சத்து இருக்கே?" இருக்கிறது. 100 கிராம் வெல்லத்தில் சில மில்லிகிராம். ஆனால் நாம் போடுவது 10 கிராம், கிடைப்பது அரை மில்லிகிராம் அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-இல் ஒரு பெண்ணுக்குப் பரிந்துரைத்த அளவு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம். இந்த வழியாக அந்த 29-ஐ எட்டப் பார்த்தால் இரும்பு ஏறுவதற்கு முன்னால் சுகர் ஏறிவிடும். முருங்கைக்கீரையை ஒரு கை அதிகமாகப் பொரியலில் போடுங்கள், கேழ்வரகை வாரத்தில் ஒன்றிரண்டு நாள் சேருங்கள். இரும்புக்கு வழி அங்கேதான் இருக்கிறது.

"கிளைசெமிக் இன்டெக்ஸ் கம்மின்னு போட்டிருக்காங்களே" என்று பாக்கெட்டைக் கையோடு கொண்டுவருகிறவர்களும் உண்டு. சாதாரண வெள்ளைச் சர்க்கரையின் கிளைசெமிக் இன்டெக்ஸே 65-ஐ ஒட்டித்தான் இருக்கிறது, அது வெள்ளை ரொட்டியைவிடக் குறைவு. அதற்காக யாரும் சுகர் நோயாளியைச் சர்க்கரை சாப்பிடச் சொல்வதில்லை. அந்த எண் எவ்வளவு வேகத்தில் ஏறும் என்பதைச் சொல்கிறது. நீங்கள் எத்தனை ஸ்பூன் போட்டீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், இதன் விலையை நோயாளி வேறு இடத்தில் கட்டுகிறார். அந்தப் பெரியவருக்கு மருத்துவர் மாத்திரையைக் கூட்டியிருந்தார். கூட்டாமல் என்ன செய்வார்? இனிப்பு சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார், இவரும் மனசாட்சியோடுதான் இல்லை என்று சொல்லியிருக்கிறார். கருப்பட்டியை அவர் இனிப்பாகவே எண்ணவில்லை. ஒரு நாளைக்கு 40 கிராம் கருப்பட்டியைச் சமாளிக்க இன்னொரு மாத்திரை சேர்ந்தது. காபியில் கருப்பட்டி நின்றபின் அந்த மாத்திரையையும் மருத்துவரே குறைத்தார்.

கருப்பட்டிமேல் எனக்கு விரோதம் இல்லை. உடன்குடிக் கருப்பட்டியின் மணம் வேறெதற்கும் வராது. பனையேறுகிறவர்களின் உழைப்புக்கு நாம் கொடுக்கும் விலை இன்னும் போதாது என்றே நினைக்கிறேன். சுகர் இல்லாதவர் அளவாகச் சாப்பிடட்டும். ஆனால் "சுகர் உள்ளவர்களும் தாராளமாகக் குடிக்கலாம்" என்று பலகை வைத்துக் கருப்பட்டி காபி விற்பது பெரிய அநியாயம். கூடவே, சர்க்கரைப் பாகு கலந்த போலிக் கருப்பட்டியும் சந்தையில் புழங்குகிறது. பல மடங்கு விலை கொடுத்து, எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே வாங்கி வருகிற வீடுகளும் இருக்கின்றன.

தேன்

மேலே எழுதியது அப்படியே பொருந்தும். தேனும் பழச்சாறும்கூட உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் சேர்க்கப்பட்ட சர்க்கரையைப் போலத்தான்.

செயற்கை என்ற பயத்தில் சர்க்கரைக்கே திரும்பிப் போவது

2023 ஜூலையில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு ஆஸ்பர்டேம் என்ற செயற்கை இனிப்பை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிய மாதத்தில் என்னிடம் வந்தவர்களில் பலர் இனிப்பு மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடியும் சர்க்கரைக்குப் போயிருந்தார்கள். செய்தியின் மறுபாதி அவர்களுக்கு வந்து சேரவே இல்லை. அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு பழைய உச்ச அளவையே உறுதி செய்தது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ளவர் அந்த அளவைத் தாண்ட வேண்டுமென்றால் தினம் 9 முதல் 14 டின் டயட் பானத்துக்கு மேல் குடிக்க வேண்டும். 2பி பட்டியலில் கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கிறது. மெரினாவில் நடந்து முடித்துக் கற்றாழைச் சாறு குடிக்கிறவர்கள் தோல் நீக்கிய உள்சோற்றை எடுக்கிறார்கள், அது வேறு. எந்தப் பொருள், எவ்வளவு என்று பார்க்காமல் பட்டியலை மட்டும் பார்த்துப் பயப்படுவது சரியில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் ஆஸ்பர்டேமை அறவே தொடக்கூடாது.

சுக்ரலோஸ் என்ற இன்னொரு செயற்கை இனிப்பைச் சர்க்கரையிலிருந்துதான் தயாரிக்கிறார்கள். மூலக்கூறில் மூன்று இடங்களில் குளோரின் ஏறுகிறது, இனிப்பு 600 மடங்காகிறது. அதனால்தான் ஒரு ஸ்பூன் சர்க்கரையின் இனிப்புக்குச் சில மில்லிகிராமே போதுகிறது. அமெரிக்க அளவுகோல்படி பார்த்தால் 60 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம்வரை போகலாம். காபி, டீக்கு நாலைந்து மாத்திரை போடுகிறவர் அதன் பக்கத்தில்கூட வரமாட்டார்.

நம் ஊரிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். மெட்ராஸ் டயாபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் டைப் 2 சுகர் உள்ளவர்களிடம் காபி, டீயில் போடும் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் கொடுத்து 12 வாரம் கவனித்து, 2024-இல் முடிவை வெளியிட்டது. மூன்று மாத சராசரியில் பெரிய மாற்றமில்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிது குறைந்தன. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: இனிப்பு மாத்திரை மருந்து அல்ல, அது சர்க்கரை வராமல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். காபியில் அதைப் போட்ட தைரியத்தில் ஒரு தோசை கூடுதலாகப் போட்டுக்கொண்டால் அந்தச் சிறு லாபமும் போய்விடும்.

உடம்பு இளைக்கத்தான் மாற்று இனிப்பு என்றால் நீண்ட நாளைக்கு அதை நம்பாதீர்கள். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இதைத்தான் சொன்னது. அந்தப் பரிந்துரை ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்கானது அல்ல. அதில் ஸ்டீவியாவும் அடங்கும். இயற்கை என்று அதற்கு விலக்கு கொடுக்கவில்லை.

ஸ்டீவியா பாக்கெட்டின் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது

பச்சை இலைப் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். உள்ளே இருப்பது இலையைப் பொடித்த தூள் அல்ல, இலையிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த ஸ்டீவியால் கிளைக்கோசைடு. 2015-இல் நம் நாட்டில் அனுமதி பெற்றது அதுதான். சர்க்கரையைப்போல் 200, 300 மடங்கு இனிப்பதால் தனியாக ஸ்பூனில் அள்ள முடியாது. எடை கூட்ட மால்டோடெக்ஸ்ட்ரினோ டெக்ஸ்ட்ரோஸோ எரித்ரிட்டாலோ சேர்ப்பார்கள். முதல் இரண்டும் சர்க்கரையைவிட வேகமாக ரத்தத்தில் ஏறுபவை. காபிக்கு ஒரு சின்ன பாக்கெட் என்றால் பொருட்டில்லை, பாயசத்துக்குக் கிண்ணம் கிண்ணமாகக் கொட்டினால் பொருட்டு.

எரித்ரிட்டால் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு அதிகமுள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடுதலாக வந்ததாக 2023-இல் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் எழுதினார்கள். காரணம் அதுதானா என்பது இன்னும் முடிவாகவில்லை. இருந்தாலும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அதை அதிக அளவில் நான் பரிந்துரைப்பதில்லை.

ஃபில்டர் காபியில் ஸ்டீவியா கொஞ்சம் கசக்கும். கசப்பு பிடிக்கவில்லை என்றால் சுக்ரலோஸுக்குப் போங்கள். இரண்டில் எது உங்கள் நாக்குக்கு ஒத்துவருகிறதோ அதைப் போட்டுக்கொண்டு, மாதத்துக்குக் கொஞ்சமாக அதையும் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

"சுகர் ஃப்ரீ" ஸ்வீட்டை எண்ணாமல் சாப்பிடுவது

தீபாவளிக்கு இரண்டு வாரம் கழித்து என்னிடம் கூட்டம் கூடுவதற்கு இந்தப் பெட்டிகளும் ஒரு காரணம். பலவற்றில் இனிப்புக்கு மால்டிட்டால் சேர்க்கிறார்கள். அதில் கிராமுக்கு 2 கலோரிக்கு மேல் இருக்கிறது, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும், நாலைந்து துண்டு போனால் வயிற்றையும் கலக்கும். கடலை மாவும் நெய்யும் எங்கேயும் போய்விடவில்லை. பேரீச்சம்பழ லட்டில் சர்க்கரை சேர்க்கவில்லை என்று எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான்.

பாகு காய்ச்சப் பார்ப்பது

மாற்று இனிப்பில் கம்பிப் பதம் வராது. அதிரசத்தை விட்டுவிடுங்கள். ஆஸ்பர்டேம் கொதிக்கக் கொதிக்க இனிப்பை இழக்கும், அடுப்பிலிருந்து இறக்கியபின் போடுங்கள்.

நாய் இருக்கும் வீட்டில் சைலிட்டால்

இந்த மாற்று இனிப்பை வைக்காதீர்கள். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவு நாயைக் கொன்றுவிடும்.

சர்க்கரை இறங்கும்போதும் மாற்றையே தேடுவது

இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு பெண் தாம்பரம் ரயிலில் வியர்த்து, கை நடுங்கி, பையில் இருந்த டயட் பானத்தைக் குடித்திருக்கிறார். இனிப்பாக இருந்ததால் சரியாகிவிடும் என்று காத்திருந்தார். ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் சாதாரண மிட்டாய் கொடுத்திருக்காவிட்டால் நிலைமை மோசமாகியிருக்கும்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் இனிப்பு மாத்திரை, ஸ்டீவியா, டயட் பானம் எதுவும் உதவாது. 15 கிராம் குளுக்கோஸ் வேண்டும். குளுக்கோஸ் பவுடர் என்றால் மூன்று ஸ்பூன். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். அவை சுக்ரோஸ் உடைவதைத் தாமதப்படுத்தும். அதனால் சர்க்கரையோ கருப்பட்டியோ மிட்டாயோ கொடுத்தால் உடனே ஏறாது, குளுக்கோஸ்தான் வேண்டும். உங்கள் மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு சின்ன குளுக்கோஸ் பாக்கெட்டைப் பையில் தனியாகப் போட்டு வையுங்கள், அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள்.