காலேஜுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

முக்கூடலில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் பீடி சுற்றும் அம்மாக்கள், "எக்கா, பிள்ளைக்கு சீட்டு கெடச்சிட்டு, வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கெட்டணும்" என்று வந்து நிற்பார்கள். பல வீடுகளில் அதற்குள் நகை அடகுக்குப் போயிருக்கும். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது, சீட்டு எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா? பாளையங்கோட்டை, பேட்டைப் பக்கத்துப் பழைய கல்லூரிகளில் ஒரே வளாகத்தில் இரண்டும் நடக்கும். எய்டட் பிரிவில் ஆசிரியர் சம்பளம் அரசு கொடுப்பது. செல்ஃப் ஃபைனான்ஸில் அது பிள்ளைகள் கட்டும் பணத்திலிருந்து வர வேண்டும். அதனால்தான் அதே பி.காமுக்கு இவ்வளவு வித்தியாசம். பி.சி.ஏ. மாதிரி பின்னால் வந்த படிப்புகள் பெரும்பாலும் செல்ஃப் ஃபைனான்ஸ்தான். அரசு ஏற்க வேண்டிய சம்பளச் செலவு இப்படி நம் வீட்டுத் தலையில் விழுந்ததில் எனக்கு ரொம்ப ஆற்றாமை. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று பார்த்து நிரப்புங்கள். ராணி அண்ணா, சுரண்டை காமராஜர் போன்ற அரசுக் கல்லூரிகளுக்கும் சேர்த்தே போடுங்கள்.

அப்புறம் சான்றிதழ்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றையும் தேர்வு முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள். முதல் பட்டதாரி சலுகை, தொழிற்படிப்பில் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. சேர்த்துவிடுகிறேன் என்று வரும் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு.

எங்கள் ஊர்க்காரர்கள் தவறவிடுவது பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகை. பட்டப்படிப்புக்கு வருடம் 6,000, தொழிற்படிப்புக்கு 25,000. தேசிய உதவித்தொகை போர்ட்டலில் போட வேண்டும். அம்மாவின் பீடி அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர் என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். இன்னொரு சிக்கல், இலை வெட்டிச் சுருட்டித் தேய்ந்த விரலின் ரேகையை மெஷின் எடுக்காது. துடைத்துத் துடைத்து வைத்தாலும் சிவப்பு விளக்குதான் எரியும். ஆதாரில் போன் நம்பரை இணைத்துவிட்டால் ஓ.டி.பி. வைத்தே பல வேலை முடியும். பிள்ளையின் வங்கிக் கணக்கும் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், பணம் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

கல்விக் கடன் கடைசியில்தான். 4 லட்சம் வரை வங்கி ஈடு கேட்கக் கூடாது, கந்துவட்டிக்கு ஓடாதீர்கள். வித்யாலட்சுமி போர்ட்டலில் போட்டுவிட்டு வங்கிக்குப் போங்கள். மேனேஜர் வாயால் முடியாது என்றால், காரணத்தை எழுதிக் கேளுங்கள்.

விண்ணப்பம் போட்டதோடு வேலை முடியாது. கல்லூரி ஆபீஸில் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் பணம் வரும். பிள்ளையை வாரம் ஒருமுறை உதவித்தொகை பார்க்கும் கிளார்க்கிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள். கூச்சப்பட்டால் நீங்களே போங்கள், ஒப்புகைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு.