ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்: பொத்தானை அமுக்கித் தள்ளாதீர்கள், ஏடிபியைக் கவனியுங்கள்

2020-இல் வந்த இந்த கேமை வெறும் வாள்வீச்சு கேம் என்று நினைத்து தாக்கும் பொத்தானையே விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தால் முதல் பெரிய பாஸிலேயே (வலுவான முக்கிய எதிரி) அலுத்துப்போகும். சாதாரண அடிகள் எதிரியைக் கொல்வதற்கு என்பதைவிட ஏடிபி (ATB, கட்டளை கொடுக்கத் தேவையான சக்தி) பட்டையை நிரப்புவதற்குத்தான். அது நிரம்பினால்தான் மந்திரம், சிறப்புத் தாக்குதல், மருந்து எல்லாமே.

பட்டை நிரம்பியதும் கட்டளை மெனுவைத் திறங்கள், நேரம் ஏறக்குறைய நின்றுவிடும். பதற்றமில்லாமல் யோசிக்கலாம்.

நீங்கள் இயக்காத கூட்டாளிக்குப் பட்டை மெதுவாகத்தான் நிரம்பும், அதனால் நாயகன் கிளவுடையே பிடித்துக்கொண்டிருக்காமல் டிஃபாவுக்கும் பாரெட்டுக்கும் அடிக்கடி மாறுங்கள். பறக்கும் எதிரி வந்தால் பாரெட்டின் துப்பாக்கிதான், கிளவுட் வாளைத் தூக்கிக்கொண்டு கீழே துள்ளுவதில் பயனில்லை.

அப்புறம், யாராவது ஒருவருக்கு அசெஸ் மெட்டீரியாவைக் (எதிரியின் விவரம் காட்டும் மந்திரக் கல்) கட்டாயம் மாட்டுங்கள். புது எதிரியைப் பார்த்ததும் முதல் வேலையாக அதைப் போட்டால் நெருப்பா, மின்னலா, எது உறைக்கும் என்று தெரிந்துவிடும். பலவீனத்தில் அடித்து ஸ்டாகர் பட்டையை நிரப்பினால் எதிரி நிலைகுலைந்து நிற்பான், அப்போது விழும் அடி வழக்கமானதில் 160 சதவீதம், டிஃபா இருந்தால் இன்னும் ஏறும். அந்தச் சில விநாடிகளுக்காகவே மூன்று பேருடைய பட்டையையும் சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் இறக்கிப் பாருங்கள், அவ்வளவு சுகம்! ஆனால் ஒருவரிடமாவது ஒரு பட்டை க்யூருக்கு (காயம் ஆற்றும் மந்திரம்) மிச்சம் இருக்கட்டும்.