பூங்கா கேட்டு மனு கொடுப்பதற்கு முன்னால் இடத்தின் காகிதத்தைப் பாருங்கள்

எங்கள் நகர்ச் சங்கம் பூங்காவுக்காக முதன்முதலில் மனு கொடுத்தபோது கோரிக்கைக் கடிதத்தோடு இருநூறு பேர் கையெழுத்தையும், மனை வாங்கிய காலத்தில் புரோமோட்டர் கொடுத்த லேஅவுட் வரைபடத்தின் ஜெராக்ஸையும் வைத்தோம், அவ்வளவுதான். அந்த வரைபடத்தின் நடுவில் ஒரு கட்டம் இருக்கும், அதற்குள் 'பூங்கா' என்று எழுதியிருக்கும். மடித்து மடித்து மூலத் தாளில் அந்த எழுத்தே பாதி கிழிந்து போயிருந்தது. மனு திரும்பி வந்தது. இடத்தைப் புரோமோட்டர் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கவே இல்லை, நாங்கள் இருபது வருடமாகப் பூங்கா இடம் என்று சொல்லிக்கொண்டிருந்தது இன்னும் அவர் பெயரில் பட்டாவாகவே கிடந்தது. அதைச் சரிசெய்ய மட்டும் இரண்டு வருடம் அலைந்தோம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

அதனால் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இடம். தமிழ்நாட்டில் இப்போதுள்ள 2019 கட்டட விதிகள்படி, மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குப் பத்திரம் பதிந்து தர வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரைக்கும் இடம் ஒதுக்க முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டிவிடலாம் என்று ஒரு வழியும் இருக்கிறது, ஆகவே உங்கள் நகரில் பூங்கா இடமே இல்லாமல் இருப்பதும் சட்டப்படியே நடந்திருக்கலாம். இதை வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம், அந்தச் சர்வே எண்ணுக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அ-பதிவேட்டில், அதாவது கிராமத்து நிலங்களைச் சர்வே எண் வாரியாக எழுதி வைத்திருக்கும் வருவாய்த்துறைப் பதிவேட்டில், அந்த இடம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கீகரித்த லேஅவுட் நகல் கைவசம் இல்லையென்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

பத்திரம் இருந்தால் அதன் பலம் பெரியது. பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள், அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள், 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. பூங்கா இடம் பூங்காவாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதாட நமக்கு இருக்கும் நல்ல தீர்ப்பு அது.

கிராமத்தில் இந்தத் தவறு வேறு மாதிரி நடக்கிறது. 'ஊர்ப் பொது இடம்தானே' என்று மேய்க்கால் புறம்போக்கிலோ, ஏரி உள்வாயிலோ (தண்ணீர் தேங்கும் ஏரியின் உட்பகுதி) பூங்கா கேட்டு மனு போடுகிறார்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருந்தால் அங்கே கட்டுமானம் கேட்காதீர்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் இடம் ஐப்பசியில் தண்ணீர் நிற்கும் இடம். ஏரிக்கரையில் நடைபாதை நல்ல யோசனைதான், கரைக்கு உள்பக்கம் மண்ணைக் கொட்டி ஏரியைச் சுருக்கிப் போடும் நடைபாதை ஊருக்குச் செய்யும் கெடுதல், அதற்கு அரசுப் பணமே வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சரி, இடத்தின் காகிதம் சுத்தமாக இருக்கிறது. எந்தப் பணத்தைக் கேட்பது? இங்கேதான் பலர் ஒரே மனுவை எல்லோருக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் தொகுதி முழுவதற்கும் பள்ளிக் கட்டடம், குடிநீர், சாலை எல்லாம் போட்டிக்கு நிற்கும். நகரங்களுக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டம் 2015-ல் வந்தபோது பூங்காக்களுக்கு அதிகபட்சம் 2.5 சதவீதம்தான் ஒதுக்கியது, அதுவும் நகராட்சி நிர்வாகம் திட்டத்தில் சேர்க்க வேண்டியது, நாம் நேரடியாக விண்ணப்பித்து வாங்குவதல்ல. குடியிருப்போர் சங்கத்துக்குக் கைக்கு எட்டுவது 'நமக்கு நாமே' திட்டம். 1997-98-ல் வந்தது, 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது, 2021-ல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. நீர்நிலைப் பணிக்குப் பாதி, பூங்கா போன்ற மற்றவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்ட வேண்டும், மீதியை அரசு போடும்.

அந்த மூன்றில் ஒரு பங்கு எதில் என்பதில் நிறைய சங்கங்கள் தடுக்கி விழுகின்றன. தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவரிடம் உத்தேசமாகக் கேட்டு, அவர் ஆறு லட்சம் என்றார் என்று வீட்டுக்கு வீடு ரசீது போட்டு இரண்டு லட்சம் வசூலிப்பார்கள். உள்ளாட்சிப் பொறியாளர் அரசு விலைப்பட்டியல்படி மதிப்பீடு போட்டு, 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் காட்டும்போது அது ஒன்பது லட்சமாக நிற்கும். நம் பங்கு மூன்று லட்சம். குறையும் ஒரு லட்சத்துக்கு மறுபடி அதே கதவுகளைத் தட்டும்போது, முதலில் மனமார ஆயிரம் கொடுத்தவரே 'கணக்கு எங்கே?' என்று கேட்பார், அவர் கேட்பதில் தப்பும் இல்லை. மதிப்பீட்டை முதலில் வாங்குங்கள், அதற்கப்புறம் வசூலுக்குப் போங்கள். பணத்தை வரைவோலையாக யார் பெயரில் எடுப்பது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எந்தத் தனி மனிதர் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

ஆர்வத்தில் நிர்வாக அனுமதி வருவதற்கு முன்பே சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரக் குழி தோண்டிவிடுவது அடுத்த தவறு. தொடங்கிய வேலைக்குப் பிறகு நிதி கேட்டால் தணிக்கையில் அடிபடும், அதிகாரி கையெழுத்துப் போடமாட்டார். ஒரே வேலையை இரண்டு நிதியில் காட்டுவதும் அப்படித்தான். சுவர் ஒரு நிதியில், விளையாட்டுச் சாமான் இன்னொரு நிதியில் என்று பிரித்து, இரண்டு மனுவிலும் அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபைத் தீர்மானத்தை மறக்காதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தீர்மானத்தில் சர்வே எண்ணோடு எழுத வைத்து நகல் வாங்குங்கள். 'ஊரில் பூங்கா அமைக்க' என்று மொட்டையாக எழுதிய தீர்மானம் கடைசியில் எந்த இடத்துக்கு வேண்டுமானாலும் போகும்.

மதிப்பீடு போடும் நாளில் பொறியாளரோடு இடத்தில் நில்லுங்கள். இல்லாவிட்டால் எல்லா ஊருக்கும் போகும் அதே பட்டியல்தான் வரும்: எட்டு வடிவ நடைபாதை, பேவர் பிளாக், இரும்புச் சறுக்கு, நான்கு உடற்பயிற்சிக் கருவி, பெயர்ப்பலகை. எங்கள் பூங்காவின் முதல் கோடையில் ஒரு குழந்தை மாலை நான்கு மணிக்குச் சறுக்கில் உட்கார்ந்தவுடன் கத்திக்கொண்டு எழுந்தது. தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி இருந்தது. அந்த இடத்தில் முன்பு ஒரு வேப்பமரம் இருந்தது, நடைபாதை வளைவுக்கு இடைஞ்சல் என்று வெட்டினார்கள், நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம். இருக்கிற மரத்தை வரைபடத்தில் முதலில் குறிக்கச் சொல்லுங்கள், மற்றவை அதைச் சுற்றி வரட்டும். தண்ணீருக்கு போர்வெல், பெண்கள் வரக்கூடிய கழிப்பறை, சக்கர நாற்காலி நுழையும் வாசல், இருட்டியபின் எரியும் விளக்கு எல்லாம் மதிப்பீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பையன்கள் வருடக்கணக்காகக் கிரிக்கெட் ஆடும் மைதானத்தில் புல்தரை போட்டு 'விளையாடக் கூடாது' என்று பலகை வைப்பதற்காகப் பணம் கேட்காதீர்கள்.

வேலை நடக்கும்போது அளவு எழுதும் எம்-புக்கைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 2-ன்படி பணியை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் மாதிரி எடுக்கவும் கேட்கலாம்.

பராமரிப்புக்கு வருகிறேன். 2016-ல் 500 ஊராட்சிகளில் தலா 20 லட்சத்தில் அம்மா பூங்கா என்று அறிவித்தார்கள். அப்படி எழுந்த பூங்காக்களில் எத்தனையோ புதர் மண்டிப் பூட்டிக் கிடந்ததை ஊர்க்காரர்களே சொல்வார்கள். கட்ட ஒரு தலைப்பில் பணம் வரும், பெருக்க வரும் ஒருவரின் சம்பளத்துக்கும், கரண்ட் பில்லுக்கும், அறுந்த ஊஞ்சல் சங்கிலிக்கும் அந்தத் தலைப்பில் பைசா கிடையாது. மின் இணைப்பு யார் பெயரில், பில் யார் கட்டுவது, மாதம் எவ்வளவு ஆகும் என்பதை மனு கொடுக்கும் முன்பே உள்ளாட்சியிடம் பேசி, தீர்மானத்திலேயே ஏற்றிவிடுங்கள்.

சாவியைப் பற்றியும் அப்போதே பேசுங்கள். மூன்றில் ஒரு பங்கு கட்டினோம் என்பதால் பூங்கா சங்கத்துச் சொத்து ஆகிவிடாது. எங்கள் நகரை ஒட்டி ஒரு காலனி இருக்கிறது. திறந்த முதல் வாரத்திலேயே அந்தப் பிள்ளைகளை 'நீங்க எந்தத் தெரு?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள் எங்கள் ஆட்கள் சிலர். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் பெரிய சண்டை போட்டுத்தான் சாவியை நகராட்சிக் காவலரிடம் ஒப்படைத்தோம், காலை ஐந்து முதல் இரவு எட்டரை வரை எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று வாசலில் பெயின்டால் எழுதினோம். நாங்கள் அதை மனுவிலேயே எழுதியிருக்க வேண்டும்.