குளிரில் கார் கதவுக்குச் சவுண்ட் டெட்னிங் ஒட்டுவது எப்படி?

டொரண்டோவில் நவம்பர் பிறந்துவிட்டால் கராஜுக்குள் நின்று பேசினாலே வாயிலிருந்து புகை வரும். கதவுத் தகரத்தின் உட்புறத்தில் பசையுள்ள ரப்பர் ஷீட்டை ஒட்டி, தகரத்தின் அதிர்வையும் சத்தத்தையும் அடக்குவதுதான் சவுண்ட் டெட்னிங். இந்த வேலைக்கு நவம்பர் நல்ல காலமே இல்லை. ஆனால் வின்டர் டயர் மாட்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்கும் அந்த 'உர்ர்ர்' சத்தம்தான் நம்மை இதில் இறக்கிவிடுகிறது. மே மாதம் வரை பொறுக்க முடிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஷீட்டை ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) நன்றாகச் சூடாக்கி, ஐஸ் போலிருந்த கதவுத் தகரத்தில் ஒட்டினேன். கப்பென்று பிடித்தது. மூன்றாவது வாரம் கண்ணாடியை இறக்கும்போது உள்ளே சரசரவென்று சத்தம். கழற்றிப் பார்த்தால், ஷீட்டின் மேல் பாதி உரிந்து வாழைப்பழத் தோல் மாதிரி தொங்குகிறது. ஷீட்டில் இருந்த சூட்டைத் தகரம் நொடியில் இழுத்துக்கொண்டது. ஷீட்டின் ஒட்டும் பக்கமான பியூட்டைல் ரப்பர் தகரத்தில் பரவிப் பதிவதற்குள் இறுகிவிட்டது. சூடேற்ற வேண்டியது தகரத்தைத்தான்.

வாங்க வேண்டியவை

அலுமினியப் பூச்சுள்ள 2 மி.மீ. பியூட்டைல் ஷீட், சின்ன ரோலர், ஹீட் கன், ஐசோப்ரோபைல் ஆல்கஹால், பிளாஸ்டிக் நெம்புகோல், கனமான கையுறை. அலுமினிய ஓரம் பிளேடு மாதிரி கிழிக்கும், அதனால் கையுறையை விட்டுவிடாதீர்கள். தார் கலந்த மலிவு ஷீட் வேண்டவே வேண்டாம். குளிரில் முறுக்கிக்கொள்ளும், கோடையில் நாறும்.

முந்தின நாள்

காரைக் கழுவுங்கள். சாலையில் தூவும் உப்பு கதவின் அடிப்பகுதிக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கும். துடைத்துக் காயவிட்டு, இரவு முழுக்க கராஜிலேயே நிறுத்துங்கள். ஷீட் பெட்டி வீட்டுக்குள் இருக்கட்டும். மறுநாள் காலையில் எலெக்ட்ரிக் ஹீட்டர் போட்டு, கராஜை 15 டிகிரிக்கு மேல் கொண்டுவாருங்கள். புரொப்பேன் ஹீட்டர் வேண்டாம்: எரியும்போது ஈரத்தைக் கக்கும், ஆல்கஹால் ஆவிக்குப் பக்கத்தில் நெருப்பும் கூடாது. கராஜைச் சூடாக்க காரையே ஓடவிடுவது அதைவிட மோசம். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

கழற்றுவது

கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுங்கள். வரிசை மாறினால் கண்ணாடி பாதியில் நின்றுவிடும். ஏர்பேக் மின்சாரம் வடிய பத்து நிமிடம் விடுங்கள். மறைந்திருக்கும் திருகுகளையெல்லாம் கழற்றிவிட்டு உட்பலகையை நெம்புங்கள். குளிரில் பிளாஸ்டிக் கிளிப்கள் அப்பளம் மாதிரி நொறுங்கும். நெம்பும் முன் ஓரங்களுக்குக் கொஞ்சம் சூடு காட்டுங்கள். எப்படியும் இரண்டு மூன்று உடையும், பத்து கிளிப் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உள்ள பிளாஸ்டிக் திரையைக் கிழிக்காமல் எடுத்து வையுங்கள், திரும்ப ஒட்ட வேண்டும்.

துடைப்பது, சூடேற்றுவது, ஒட்டுவது

வெளித்தகரத்தின் உட்புறத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். பத்து நிமிடம் கழித்து விரலால் தடவிப் பாருங்கள். வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டால் வியர்க்கும், கண்ணுக்கே தெரியாது. ஈரம் இருந்தால் திரும்பத் துடைத்து, ஆல்கஹால் முழுக்க ஆவியாகும்வரை காத்திருங்கள். அதன் பிறகுதான் ஹீட் கன்.

ஒரே நேரத்தில் முழுக் கதவையும் சூடேற்றாதீர்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் தொடங்கிய இடம் ஆறிவிடும். ஷீட்டை ஏ4 காகித அளவுக்கு வெட்டிக்கொண்டு, ஒரு துண்டு உட்காரும் இடத்தை மட்டும் குறைந்த சூட்டில், ஒரு சாண் தூரத்திலிருந்து, கன்னை ஆட்டிக்கொண்டே சூடேற்றுங்கள். ஒரே இடத்தில் காட்டினால் வெளியே பெயின்ட் போய்விடும். புறங்கையை வைத்துப் பாருங்கள்: ஆறிக்கொண்டிருக்கும் காபி டம்ளர் அளவுக்கு இருந்தால் போதும், தோசைக்கல் ஆக வேண்டியதில்லை.

உடனே பின்தாளில் பாதியை உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலரை அழுத்தி உருட்டுங்கள். அலுமினியத்தில் உள்ள மேடுபள்ளம் தட்டையாகும்வரை உருட்ட வேண்டும். கை வலிக்கும்.

இப்போது கதவை வெளியிலிருந்து விரல் முட்டியால் தட்டுங்கள். 'டங்ங்' என்று ஒலித்த தகரம் 'டொக்' என்று முடிந்துவிடும். மொத்தப் பரப்பில் கால்வாசி மூடினாலே இந்த மாற்றம் பெரும்பாலும் கிடைத்துவிடும். முழுக்க மூடுபவர்கள் கதவின் எடையைத்தான் கூட்டுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கதவின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளைகள், கண்ணாடி ஓடும் பாதை, ஒயர்கள், ஏர்பேக் சென்சார் இவற்றின் மேல் ஒரு துண்டுகூடப் படக் கூடாது.

மூடுவதற்கு முன்

ஓரங்களைக் கடைசியாக ஒருமுறை சூடுகாட்டி உருட்டுங்கள். பிளாஸ்டிக் திரையின் பசையும் குளிரில் இறுகியிருக்கும், அதையும் இளக்கி ஒட்டுங்கள். எல்லாக் கனெக்டரையும் மாட்டிய பிறகே பேட்டரியை இணைத்து, கண்ணாடியை இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். உரசல் இல்லையென்றால் உட்பலகையை மாட்டலாம். அன்றிரவு கார் கராஜிலேயே இருக்கட்டும். ஒரே தட்டலில் ஏறும் கண்ணாடி இப்போது ஏறவில்லையா? பயப்படாதீர்கள். பேட்டரி கழற்றியதில் பல கார்கள் அதை மறந்துவிடும். கண்ணாடி முழுக்க ஏறிய பிறகும் சுவிட்சைச் சில நொடி இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும்.