கார் அலாரமா, டர்போ டைமரா? கொங்கு நாட்டுச் சாலைகளுக்கு ஏற்ற தேர்வு

பழைய டீசல் காரை வாங்கியவரிடம், ஒரே ஒரு துணைக்கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், கார் அலாரத்துக்கும் டர்போ டைமருக்கும் நடுவில் தயக்கம் வருவது இயல்பு. அலாரம் வண்டியைத் திருட்டிலிருந்து காக்க முயல்கிறது. டைமர், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை வெப்பத்திலிருந்து காக்க முயல்கிறது. இரண்டுக்கும் பொதுவானவை சாவிச் சுவிட்சுக்குப் பின்னால் ஓடும் ஒயர்கள் மட்டுமே, ஆனால் அந்த ஒயர்களில்தான் இரண்டும் மோதிக்கொள்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைமர் செய்யும் வேலையை ஓட்டுநரே இரண்டு நிமிடப் பொறுமையால் செய்துவிடலாம். அலாரம் செய்யும் வேலையை, வண்டிக்கு அருகில் இல்லாத உரிமையாளர் செய்ய வழியில்லை. ஆகவே பெரும்பாலோருக்கு அலாரமே முதலில். யாருக்கு இது பொருந்தாது என்பதை ஒவ்வொருவரும் தம் வண்டியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வண்டியில் டர்போ இருக்கிறதா என்பது முதல் கேள்வி. மாருதி 800, ஆம்னி, டொயோட்டா குவாலிஸ் ஆகியவற்றில் டர்போ கிடையாது; அவற்றின் உரிமையாளர் டைமரைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. பின்கதவில் டி.டி.ஐ.எஸ்., சி.ஆர்.டி.ஐ., டி-4டி, எம்-ஹாக் என்று எழுதியிருக்கும் டீசல் கார்களிலும், டி.எஸ்.ஐ., பூஸ்டர்ஜெட் என்று எழுதியிருக்கும் பெட்ரோல் கார்களிலும் டர்போ உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டதால், இன்று கைமாறும் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா டீசல் வண்டிகள் எல்லாம் அதற்கு முந்தையவை. இந்தத் தயக்கம் பெரும்பாலும் அவற்றை வாங்குபவர்களுக்கே வருகிறது.

இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை, டர்போவின் ஒரு பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறது; அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது இன்ஜின் ஆயிலின் மெல்லிய படலம். முழுச் சுமையில் புகையின் வெப்பம் டீசலில் 700 டிகிரி செல்சியஸையும், பெட்ரோலில் 900 டிகிரியையும் கடக்கும். இந்த நிலையில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தால் ஆயில் பம்பும் நின்றுவிடும். டர்போவுக்குள் தேங்கிய ஆயில், ஓட்டம் இல்லாமல் வெந்து, தோசைக்கல்லின் விளிம்பில் கருகிப் பிடிக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் போல உள்ளே ஒட்டிக்கொள்ளும். இது பலமுறை நடந்தால் ஆயில் செல்லும் குறுகிய வழி அடைபட்டு, பேரிங் தேய்ந்து, நீல நிறப் புகையும் விசில் சத்தமும் கிளம்பும். டர்போ டைமர் என்பது, சாவியை எடுத்த பிறகும் அரை நிமிடம் முதல் சில நிமிடங்கள் வரை இன்ஜினை ஐடிலில் (வண்டி நகராமல், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் மெதுவாக) ஓடவிட்டு, ஆயில் ஓட்டத்தால் டர்போவை ஆறவைத்து, பின்னர் தானே அணைத்துவிடும் ஒரு சிறு மின்பெட்டி.

இந்தச் சூடு எப்போது உண்மையில் ஏறுகிறது என்பதை அறிந்தால் பாதி முடிவு தெளிவாகிவிடும். காந்திபுரத்திலிருந்து பீளமேட்டுக்கு நெரிசலில் ஊர்ந்து சென்ற வண்டியின் டர்போவுக்கு ஆறவேண்டிய சூடே இல்லை. பன்னாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆள் நிறைந்த காரில் ஏறி, திம்பத்தின் உச்சியை அடைந்தவுடன் வண்டியை ஓரம்கட்டி அணைத்தால் டர்போ கொதிநிலையில் இருக்கும். அதே வண்டி திம்பத்திலிருந்து இறங்கிப் பன்னாரி அம்மன் கோவில் வாசலில் நிற்கும்போது, வழியெல்லாம் கியர் பிடியில் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் வந்திருப்பதால், டர்போ ஏற்கெனவே ஆறிப்போயிருக்கும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளுக்கும், கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கும் இதே கணக்குத்தான்: ஏறி நிறுத்தும்போது ஆறவிட வேண்டும், இறங்கி நிறுத்தும்போது தேவையில்லை.

மலையைவிட அதிகமாக நம்மவர்கள் தவறுவது சேலம்–கோவை நெடுஞ்சாலையில் என்பது என் எண்ணம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து, பெருந்துறை அருகிலோ அவிநாசி அருகிலோ சாலையோர பேக்கரியைக் கண்டதும் பிரேக்கை மிதித்து, நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு டீ குடிக்க இறங்கிவிடுகிறோம். அந்த இடத்தில் ஒரு நிமிடம் இன்ஜினை ஐடிலில் விட்டாலே போதும். மலையேறிய பிறகு இரண்டு நிமிடம். மூன்று நிமிடத்துக்கு மேல் விடுவது டீசலை வீணாக்குவதுதான். பி.எஸ். 6 டீசல் வண்டியில் நீண்ட ஐடிலிங் புகைவடிப்பானில் கரியைச் சேர்ப்பதால், தேவைக்கு மேல் ஓடவிடுவது கெடுதலும்கூட. கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிவருவது இவை எல்லாவற்றையும்விட நல்லது. அணைப்பதற்கு முன் ஆக்சிலரேட்டரை ஒரு முறை உறுமவிட்டுச் சாவியைத் திருப்பும் பழைய பழக்கத்தை மட்டும் அறவே விட்டுவிட வேண்டும். தண்டை உச்ச வேகத்தில் சுழலவிட்டு, அதே நொடியில் ஆயிலை நிறுத்துவதற்கு ஒப்பான செயல் அது.

புதிய வண்டிகளில் பலவற்றின் டர்போவில் ஆயிலோடு தண்ணீர்க் குளிர்விப்பும் சேர்ந்திருக்கிறது. இன்ஜின் நின்ற பிறகும் சூட்டினால் அந்தத் தண்ணீர் தானாகச் சுழன்று வெப்பத்தை எடுத்துச் செல்லும். சில வண்டிகளில் அதற்கென்றே மின்சாரப் பம்ப் சற்று நேரம் ஓடும். சிக்னலில் தானாக இன்ஜினை அணைக்கும் வசதியை டர்போ கார்களிலேயே நிறுவனங்கள் கொடுக்கின்றன என்பதிலிருந்தே, சாதாரண ஓட்டத்துக்கு டைமர் தேவையில்லை என்பது விளங்கும். உண்மையில் டர்போக்களைக் கெடுப்பவை பெரும்பாலும் தள்ளிப்போடப்பட்ட ஆயில் மாற்றம், கையேட்டில் சொன்ன தரத்தில் இல்லாத ஆயில், அடைபட்ட ஏர் ஃபில்டர் ஆகியவையே. பல்லடம், சோமனூர் பக்கத்து மில்களையும் தறிக்கூடங்களையும் ஒட்டி ஓடும் வண்டிகளில் பஞ்சுத் தூசி ஃபில்டரிலும் டர்போ அழுத்திய காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரின் இடுக்குகளிலும் படிவதால், அங்குள்ளவர்கள் டைமருக்குச் செலவழிக்க நினைத்த தொகையில் ஒரு பகுதியை ஃபில்டருக்கும் நல்ல சிந்தெடிக் ஆயிலுக்கும் ஒதுக்கினால் டர்போவுக்குக் கூடுதல் ஆயுள் கிடைக்கும்.

டைமரால் வரும் சிக்கல்களை விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 126-ஆம் பிரிவு, பொது இடத்தில் வண்டி நிற்கும்போது உரிமம் பெற்ற ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும், இல்லையேல் இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு வகையிலோ வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும் என்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆள் இறங்கிச் செல்வதற்காகவே செய்யப்பட்ட கருவி, தெருவில் இந்த விதிக்கு எதிராகவே நிற்கிறது. அடுத்தது சரிவு. கோத்தகிரியிலோ வால்பாறையிலோ மேட்டில் நிறுத்தும்போது கியரில் போட்டு நிறுத்துவது நம் வழக்கம். டைமர் ஓடும்போது வண்டி நியூட்ரலில்தான் இருக்க முடியும், ஆகவே முழுப் பாரமும் ஹேண்ட் பிரேக்கின் மேல் விழும். மூடிய ஷெட்டுக்குள் நிறுத்துபவருக்கு நச்சுப் புகை ஆபத்து, களத்தில் காய்ந்த சோளத்தட்டின் மேல் நிறுத்துபவருக்குச் சைலென்சர் சூட்டில் தீப்பிடிக்கும் ஆபத்து. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளில் சாதாரண டைமரை எளிதில் பொருத்தவும் முடியாது. ஒயரை வெட்டினால் உத்தரவாதம் கேள்விக்குள்ளாகும்.

இத்தனைக்குப் பிறகும் டைமர் யாருக்குப் பயன்படும்? வண்டியைச் சம்பள ஓட்டுநர்கள் பலர் மாறி மாறி ஓட்ட, யாரிடமும் பொறுமையை எதிர்பார்க்க முடியாத டாக்சி உரிமையாளருக்குப் பயன்படும். செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் காரை விரட்டுபவருக்கும், இன்ஜினின் திறனைக் கூட்டி டியூனிங் செய்தவருக்கும், ஆயிலால் மட்டுமே குளிரும் பழைய டர்போவை வைத்திருப்பவருக்கும் பயன்படும். இவர்கள் வாங்கினாலும், ஹேண்ட் பிரேக்கை விடுவித்த நொடியில் இன்ஜினை அணைத்துவிடும் இணைப்பு உள்ள டைமரையே வாங்க வேண்டும். அந்த ஒயரைச் சேர்க்காமல் விட்டுவிடும் எலெக்ட்ரீசியன்களும் உண்டு என்பதால், வண்டியை எடுக்கும் முன் கண்ணெதிரே சோதித்துக்கொள்வது அவசியம்.

இனி அலாரம். அதை வாங்கும் முன் வண்டியில் இம்மொபிலைசர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அதாவது சாவிக்குள் உள்ள சிப்பை இன்ஜின் கணினி அடையாளம் கண்டால்தான் ஸ்டார்ட் ஆகும் ஏற்பாடு. அது இருக்கும் வண்டியை ஒயரைச் சேர்த்து ஓட்டிச் செல்வது கடினம். ஆனால் கண்ணாடியை உடைத்து இருக்கையில் இருக்கும் பையை எடுப்பவரை இம்மொபிலைசர் ஒன்றும் செய்யாது. திருப்பூரில் சம்பளப் பணம், ஈரோட்டில் ஜவுளிச் சந்தைப் பணம் என்று காருக்குள் பையை வைத்துப் பழகியவர்களுக்கு அலாரத்தின் பயன் இங்கேதான் தொடங்குகிறது, பையைக் கையோடு எடுத்துச் செல்வது எந்தச் சைரனையும்விட மேல் என்றாலும். இம்மொபிலைசர் இல்லாத பழைய வண்டிக்கு, ஸ்டார்ட்டரைத் துண்டிக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கொண்ட அலாரம் வேண்டும். ஓடும் இன்ஜினின் எரிபொருளையோ இக்னிஷனையோ துண்டிக்கும் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. மட்டமான ரிலே ஒன்று மலை வளைவில் பழுதானால் இன்ஜின் அங்கேயே நின்றுவிடும்.

கொங்கு நாட்டில் அலாரத்துக்கு ஒரு தனிச் சோதனை உண்டு, அது பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று. பொள்ளாச்சி, உடுமலை, கோவை மேற்குப் பகுதிகளில் அந்தக் காற்று நிற்கும் காரையே அசைக்கும். அதிர்வு சென்சாரைக் கூர்மையாக வைத்திருந்தால் இரவு முழுவதும் சைரன் அலறும், மூன்றாம் நாளிலிருந்து அக்கம்பக்கத்தில் யாரும் சன்னலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆகவே லேசான தட்டலுக்குச் சிறு ஒலியும், பலத்த அடிக்கு மட்டும் முழுச் சைரனும் எழுப்பும் இரட்டை நிலைச் சென்சாரைக் கேட்டு வாங்கி, அதன் கூர்மையைக் காற்றுக் காலத்தில் ஒருமுறை குறைத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவருக்குக் கவலை வேறு: கூப்பிடு தூரத்தில் வீடுகள் இல்லாத இடத்தில் சைரனைக் கேட்பது நாயும் அவருமே. அவர் வெளியூர் சென்றிருந்தால் கேட்கவும் ஆளில்லை. அங்கே கைபேசிக்குச் செய்தி அனுப்பும் ஜி.பி.எஸ். கருவி அலாரத்தைவிடப் பயனுள்ளது.

மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குப் பேட்டரிக் கணக்கையும் பார்க்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் இழுக்கும் அலாரம் நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி எடுக்கும். 35 ஆம்பியர்-மணிப் பேட்டரியின் பாதி, வண்டியின் மற்றக் கருவிகள் இழுப்பதைச் சேர்க்காமலேயே, 24 நாளில் காலியாகிவிடும். ஏ.ஆர்.ஏ.ஐ. (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், உச்சவரம்பு 500 ரூபாய் என்ற அளவிலானது என்பதால், அதற்காக மட்டும் அலாரம் வாங்க வேண்டியதில்லை.

இரண்டும் வேண்டும் என்பவர் அவற்றை இரண்டு கடைகளில் தனித்தனியாக மாட்டக் கூடாது. டைமர் இன்ஜினை ஓடவிடும்போது, தனியாக மாட்டிய அலாரம் இக்னிஷன் இன்னும் இயங்குவதாகக் கண்டு பூட்டாமல் போகலாம், அல்லது பூட்டிக்கொண்டு இன்ஜினின் அதிர்வையே திருட்டென்று கருதி அலறலாம். டர்போ டைமர் வசதியைத் தன்னுள்ளேயே கொண்ட அலாரங்கள் கிடைக்கின்றன. இன்ஜின் ஓடும் வரை அதிர்வு சென்சாரை மட்டும் உறங்கவைத்து, கதவுகளைக் காவலில் வைத்து, இன்ஜின் நின்றதும் முழுக் காவலுக்கு மாறும் வகையை எடுக்க வேண்டும். சாவிச் சுவிட்சின் ஒயர்களில் பெரும் மின்னோட்டம் ஓடுவதால், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அங்கே சூடாகி உருகும். வண்டியின் மாடலுக்கென்றே வரும் சாக்கெட் ஒயரிங், இல்லையேல் ஈயம் வைத்துப் பற்றிய இணைப்பு, கூடவே பேட்டரிக்கு அருகில் தனி ஃபியூஸ் என்று வற்புறுத்த வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியை ஸ்டியரிங்கின் கீழே கை எட்டும் இடத்தில் வைத்தால், திருடன் முதலில் பிடுங்குவது அதைத்தான்.

மாட்டி முடித்ததும் பணத்தைக் கொடுப்பதற்கு முன் சில சோதனைகளைச் செய்துவிட வேண்டும். சமதரையில், ஆள் இருக்கையில் அமர்ந்தபடி, டைமர் ஓடும்போது ஹேண்ட் பிரேக்கை விடுவித்துப் பார்த்தால் இன்ஜின் உடனே நிற்க வேண்டும். கண்ணாடியைச் சற்று இறக்கிவைத்துப் பூட்டி, உள்ளே கையைவிட்டுக் கதவைத் திறந்தால் சைரன் எழ வேண்டும். அந்த நிலையில் சாவியைத் திருப்பினாலும் ஸ்டார்ட்டர் சுழலக் கூடாது. அலாரம் பூட்டிய அரை மணி நேரத்துக்குப் பிறகு பேட்டரியிலிருந்து செல்லும் மொத்த மின்னோட்டத்தை மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். அது 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால் இணைப்பில் எங்கோ கோளாறு இருக்கிறது, வண்டியை அங்கேயே விட்டுச் சரிசெய்து எடுப்பது நல்லது.