கொழுப்பு செல்லும் டியூபுலினும்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகங்களில் வளர்க்கும் 3டி3-எல்1 என்ற எலிச் செல்கள், கொழுப்பு செல்லாக மாறுவதற்கு முன், நீண்டு மெலிந்து கிடக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் அவை உருண்டு, கொழுப்புத் துளிகளால் நிறைந்துவிடும். உள்ளே சட்டமாக நிற்கும் புரத இழைகளும் அப்போது மாறுகின்றன. கொழுப்பு சேர்ந்து இடம் போதாமல்தான் அந்தச் சட்டம் மாறுகிறது என்று நினைப்பது முதல் தவறு. அந்த இழைகளைக் கட்டும் ஆக்டின், டியூபுலின் புரதங்களின் உற்பத்தி அதற்கு முன்பே குறைவது 1980களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 2004இல் வந்த ஓர் ஆய்வில், மனித ஸ்டெம் செல்களைப் பரவவிடாமல் சின்ன இடத்தில் அடக்கியபோது கொழுப்பு செல்களாகவும், பரவவிட்டபோது எலும்பு செல்களாகவும் மாறின. வடிவமும் முடிவைத் தீர்மானிக்கிறது.

அடுத்தது, புரதங்களில் ஒட்டும் அசெட்டைல் என்ற சிறு வேதிக் குழுவின் விவகாரம். டியூபுலினின் ஒரு வகையான ஆல்பா டியூபுலினில், 40ஆவது இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் அசெட்டைல் குழு ஒட்டுவது கொழுப்பு செல் உருவாகும்போது கூடுகிறது. சரி, அதனால்தான் செல் மாறியது என்று உடனே எழுதிவிடலாமா? கூடாது. டியூபுலினால் ஆன இழைகளான நுண்குழாய்கள் நீண்ட நேரம் கலையாமல் இருந்தால் அவற்றில் இந்தக் குறி தானாகவே சேரும். காரணம் எது என்று காட்ட, அசெட்டைல் ஒட்ட முடியாத டியூபுலினைச் செல்லுக்குள் செலுத்திப் பார்க்க வேண்டும். 2013இல் அப்படிச் செய்தபோது கொழுப்பு செல் உருவாவது தடைப்பட்டது. அசெட்டைலை ஒட்டும் மெக்-17 நொதியைக் குறைத்தபோதும் அதேதான்.

மருந்து கொடுத்துவிட்டு டியூபுலினை மட்டும் காரணம் காட்டுவதுதான், என் பார்வையில், மிகப் பெரிய தவறு. அசெட்டைலை நீக்கும் ஹெச்டிஏசி6 நொதியைத் தடுத்தால் ஹெச்எஸ்பி90 புரதமும் பாதிக்கப்படும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் பிடிக்கும் ஏற்பி சரியாக வேலை செய்ய அந்தப் புரதம் வேண்டும். 3டி3-எல்1 செல்களை மாற்றக் கொடுக்கும் கலவையிலேயே டெக்ஸாமெத்தசோன் இருக்கிறது! அப்புறம் எது எதை மாற்றியது என்று எப்படிப் பிரிப்பது? சர்ட்2 நொதியும் அப்படித்தான். டியூபுலினோடு நில்லாமல் ஃபாக்ஸ்ஓ1 புரதத்தின் அசெட்டைலையும் நீக்குகிறது, அதுவும் கொழுப்பு செல் உருவாவதோடு நேரடித் தொடர்புள்ளது.

அளக்கும்போதும் கவனம் வேண்டும். மொத்த டியூபுலின் அளவே மாறுவதால், அசெட்டைல் குறியை அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். நுண்ணோக்கியில் பார்க்கச் செல்களை வேதிப்பொருளால் நிலைநிறுத்துவதற்கு முன் குளிர்ந்த கரைசலில் கழுவினால், நிலையற்ற நுண்குழாய்கள் கலைந்து அசெட்டைல் உள்ளவை மட்டும் மிஞ்சி நிற்கும். கடைசி நாளில், கொழுப்பில் படியும் ஆயில் ரெட் ஓ சாயம் ஏற்றிப் பார்த்தால் எவ்வளவு கொழுப்பு என்று தெரியும், தடை எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று தெரியாது. அதற்கு முதல் சில நாட்களிலேயே கொழுப்பு செல் உருவாவதை இயக்கும் பிபார் காமா புரதம் கூடுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.